அப்பாவின் சீ.ஆர். கொப்பியும் நாற்பதாம் தொகுதியும்

முல்லைத்தீவு மாவட்டத்து உடையார்கட்டில் எங்கள் காணிக்குள் அந்தக் குழியைத் தோண்டியது 2011 ஆனியில். 2009 தை மாதக் கடைசியில், போரால் இடம்பெயர்ந்து வெளிக்கிடுவதற்கு முதல்நாள் இரவு, அப்பாவும் தம்பியும் பாலை மரத்துக்குக் கிழக்கே நாலடி ஆழத்தில் றங்குப்பெட்டியை இறக்கி, தறப்பாளால் சுற்றி மூடிவிட்டு வந்திருந்தார்கள். மிதிவெடி அகற்றி முடிந்து, காணிக்குள் போகலாம் என்று சொன்ன பிறகுதான் மண்வெட்டியோடு போனோம். பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. மூடியை நெம்பித் திறந்தால் உள்ளே புத்தகம் என்று ஒன்றும் இல்லை. இரண்டு மாரியின் தண்ணீரைக் குடித்துக் காகிதமெல்லாம் ஒரே கட்டியாய், செங்கல் அறுக்கக் குழைத்த களிமண் மாதிரி ஆகிவிட்டது. தம்பி விரலால் ஒரு மூலையைப் பிரித்தான். தையல் நூல்தான் கையோடு வந்தது.

அப்பா குழியின் ஓரத்தில் குந்தியிருந்தார். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கொப்பி இருக்குத்தானே பிள்ளை" என்றார்.

பெட்டியில் இருந்தவை சென்னை மியூசிக் அகாடமி வெளியிடும் ஜேர்னலின் பழைய தொகுதிகள். சங்கீத வித்வத் சபை என்பது அந்த அமைப்பின் தமிழ்ப் பெயர். சபை 1928 இல் தொடங்கியது, ஜேர்னல் 1930 இல். காலாண்டிதழாகத் தொடங்கி, பிறகு ஒரு வருடத்து நாலு பகுதிகளும் ஒரே புத்தகமாக வரத் தொடங்கின. டிசம்பரில் நடக்கும் மாநாட்டின் அறிக்கை, தலைமை வகித்த வித்துவானின் உரை, இராக இலட்சணம் பற்றிய விவாதங்கள், அச்சில் வராத கீர்த்தனைகளின் சுரக்குறிப்பு, பழைய இலட்சண கிரந்தங்களைப் பற்றிய ஆராய்ச்சி எல்லாம் அதில் வரும். கலாநிதி வே. இராகவன் பல பத்தாண்டுகள் அதன் ஆசிரியராக இருந்தார். கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கர்நாடக இசை படிப்பிக்கிற ஒருவருக்கு அதைவிடப் பெரிய சொத்து இல்லை என்பது அப்பாவின் எண்ணம். எனக்கும் அதுதான் எண்ணம்.

அப்பா அறுபதுகளில் சென்னையில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரியில் படித்தவர். சாப்பாட்டுக் காசில் மிச்சம்பிடித்துப் பழைய தொகுதிகளை ஒன்றொன்றாக வாங்கி, இராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பலில் கொண்டுவந்தார். 1995 இடம்பெயர்வில் அவை கொக்குவிலிலிருந்து சாவகச்சேரிக்குச் சைக்கிள் கரியரில் போயின. அடுத்த வருடம் கிளாலிக் கடலால் வன்னிக்கு வந்தன. கரண்ட் இல்லாத அந்த வருடங்களில் குப்பி விளக்கில்தான் அவற்றை வாசித்தார். பற்றறியும் கிடைக்காத காலம். திருச்சி வானொலியில் கச்சேரி வருகிற நேரம் தம்பி சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றுவான், நாங்கள் றேடியோவுக்குக் கிட்ட இருந்து கேட்போம். தம்பிக்குக் கை உளைந்தால் பாடகரின் குரல் இறங்கிப் போகும்.

கொப்பி தப்பியதற்குக் காரணம் அதன் பின்பக்கம். நூற்றறுபது பக்கச் சீ.ஆர். கொப்பியில் முன்னால் தொகுதிகளின் அட்டவணை. பின்னால் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு அப்பா அனுப்பிய பிள்ளைகளின் பெயர், தரம், சுட்டிலக்கம். சான்றிதழ் துலைந்தவர்களுக்கு இந்த இலக்கங்கள் தேவைப்படும் என்று அம்மா அதை அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப்பத்திரம் எல்லாம் இருந்த பைக்குள் போட்டுவிட்டார். அந்தப் பை மாத்தளனுக்கும் வந்தது, முள்ளிவாய்க்காலுக்கும் வந்தது, செட்டிகுளம் முகாமுக்கும் வந்தது.

அட்டவணையில் 34 தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ரோம எண், அதன் கீழே தனக்குப் பிடித்த கட்டுரைகளின் தலைப்பு, பக்கம். சிலவற்றுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு சொல்: "தாளம்", "கமகம்", "படிப்பிக்க". எது துலைந்தது என்று வரிக்கு வரி தெரிந்துகொண்டுதான் நான் தேடத் தொடங்கினேன். பழைய இதழ் தேடுகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: வைத்திருப்பவற்றுக்கு இன்றைக்கே ஒரு கொப்பியில் அட்டவணை போடுங்கள்.

அப்பா 2014 இல் காலமானார். அடுத்த வருடம் நான் தேடல் தொடங்கினேன்.

முதலில் நூலகங்கள். புதுக்குடியிருப்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு முதல் பஸ் பிடித்தால்தான் பகலில் இரண்டு மூன்று மணித்தியாலமாவது இருந்து வாசிக்கலாம். ஒரு நூலகத்தில் சில தொகுதிகள் இருந்தன. கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள், கொண்டுபோனேன். வேறொருவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள், அதையும் வாங்கிப் போனேன். மூன்றாம் தரம் போனபோது புத்தகத்தை மேசையில் வைத்தார்கள். போட்டோக் கொப்பி எடுக்க விடவில்லை. கட்டு விட்டுப்போகும் என்றார்கள், முதுகுப்பக்கத்தைக் கறையானும் அரித்திருந்ததால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று பின்னேரம் வரை பென்சிலால் எழுதி எடுத்தது பதினொரு பக்கம். வீடு வரும்போது இரவு எட்டரை.

வளசரவாக்கத்தில் இருக்கிற மச்சாள் மயிலாப்பூரில் பழைய புத்தகம் விற்கிற இடங்களில் விசாரித்தாள். மூன்று தொகுதி கிடைத்தது. நல்ல விலை கொடுத்துத்தான் வாங்கினாள். அவற்றை யாரிடமாவது கொடுத்துவிடுவோம் என்று பார்த்திருக்கக் கொரோனா வந்து, பலாலி – சென்னை விமானமும் நின்றுபோனது. விமானம் 2022 டிசம்பரில்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. புத்தகங்கள் அதற்குப் பிறகு ஒருவரின் கைப்பையில் வந்து சேர்ந்தன. கடுதாசி இதழ் சேர்க்கிறவர்கள் இந்த வழியை விடவேண்டாம். ஆனால் வருடக்கணக்கில் பொறுமை வேண்டும், அக்கரையில் அலைவதற்கு ஒரு மச்சாளும் வேண்டும்.

வழி திறந்தது 2020 ஊரடங்கில். அப்பாவிடம் படித்து இப்போது கனடாவில் இருக்கிற அண்ணை ஒருவர் வாட்ஸப்பில் ஒரு இணைப்பு அனுப்பினார். "ரீச்சர், ஐயாவின்ர புத்தகங்கள் இதுக்குள்ள இருக்குப் போல கிடக்கு, ஒருக்காப் பாருங்கோ." திறந்தேன். மஞ்சள் பூத்த பக்கம் மெல்ல மெல்ல மேலிருந்து கீழே தெளிந்தது. காலாண்டிதழ் என்ற வரி. முன்பக்கத்தில் அந்தச் சுலோகம்: நான் வைகுண்டத்தில் இல்லை, யோகிகளின் இதயத்தில் இல்லை, சூரியனில் இல்லை, என் பக்தர்கள் எங்கே பாடுகிறார்களோ அங்கே இருக்கிறேன், நாரதா. சின்ன வயதில் அப்பா அதைச் சொல்லித்தான் தொகுதியைத் திறப்பார். போனைக் கீழே வைத்துவிட்டுப் போய் அம்மாவைக் கூட்டிவந்தேன்.

அந்த ஜேர்னலின் தொகுதிகளை ஸ்கான் செய்து, காசில்லாமல் வாசிக்க வைத்திருக்கிறார்கள். மியூசிக் ரிசர்ச் லைப்ரரி என்ற எண்ணிம நூலகத்தில் இருக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இருக்கின்றன, அங்கே முழுவதையும் இறக்காமல் பக்கம் பக்கமாகப் புரட்டியும் பார்க்கலாம். ஈழத்து இசை, கலை இதழ்களைத் தேடுவோர் 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற நம்முடைய எண்ணிம நூலகத்துக்குப் போகவேண்டும். முதல் சொன்ன இரண்டு தளங்களும் ஒரு பொக்கிஷம், 'நூலகம்' வேறொரு பொக்கிஷம், ஒன்றில் இல்லாததை மற்றதில் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

முதல் வாரத்திலேயே ஒரு பிழை விட்டேன். அப்பாவின் கொப்பியில் இரண்டு தரம் அடிக்கோடிட்ட ஒரு வரி உண்டு: "எம்.எஸ். தலைமையுரை." 1968 மாநாட்டுக்கு எம்.எஸ். சுப்புலட்சுமி தலைமை வகித்தார், அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்த முதல் பெண் அவர்தான். அதற்கு எதிரே ரோம எண்ணில் எக்ஸ், எல் என்று இரண்டெழுத்து. எங்கள் வீட்டில் சிக்னல் கிணற்றடியில்தான் ஒழுங்காக வரும், இரவு டேட்டா நடுச்சாமத்துக்குப் பிறகுதான் தொடங்கும். விழித்திருந்து, போனைக் கிணற்றுக்கட்டில் வைத்து இறக்கினேன். விடியத் திறந்தால் அது 1989 ஆம் வருடத்துத் தொகுதி. எழுத்தை மாற்றி வாசித்து, எல், எக்ஸ் என்ற அறுபதாம் தொகுதியை இறக்கியிருக்கிறேன். எக்ஸ் முன்னால் நின்றால் ஐம்பதில் பத்துக் குறையும், நாற்பது. எல் முன்னால் நின்றால் பத்துக் கூடும், அறுபது. கோப்புகளுக்குப் பெயர் வைக்கிறவர்களும் இந்த இடத்தில் தடுமாறலாம். அதனால் பெயரை நம்பாமல் முதற்பக்கத்தில் அச்சான வருடத்தைப் பார்த்துவிட்டே இறக்குங்கள்.

அந்தக் காலையில்தான் கொப்பியை விரித்துவைத்து ஒரு கணக்குப் பிடித்தேன். தொகுதி எண்ணோடு 1929 ஐக் கூட்டினால் வருடம் வரும். பன்னிரண்டாம் தொகுதி 1941. இருபத்துமூன்று 1952. நாற்பது 1969. டிசம்பரில் நடந்த மாநாட்டின் அறிக்கை அடுத்த வருடத் தொகுதியில்தான் அச்சேறும், ஆகவே 1968 மாநாட்டைத் தேடுகிறவர் நாற்பதைத்தான் எடுக்கவேண்டும். இது பிடிபட்ட பிறகு வேலை ஓடியது. யாராவது "இன்ன வித்துவான் இன்ன வருடம் தலைமை வகித்தார்" என்றால், ஒன்றைக் கூட்டி 1929 ஐக் கழித்துத் தொகுதியைச் சொல்லிவிடுவேன்.

தேடுபெட்டியில் இராகத்தின் பெயரை அடித்தால் வரும் என்று நினைக்காதீர்கள். பழைய அச்சு, எழுத்துக்கு மேலே கோடும் கீழே புள்ளியும் வைத்த வடமொழிச் சொற்கள், கணினி அவற்றைப் பிழையாகவே வாசிக்கிறது. நான் செய்தது, ஒவ்வொரு தொகுதியிலும் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் படம் பிடித்துத் தனி அல்பமாகப் போனில் வைத்தது. பிறகு அச்சுப் பக்க எண்ணுக்கும் கோப்பின் பக்க எண்ணுக்கும் உள்ள இடைவெளியைக் கொப்பியில் அப்பாவின் வரிக்குப் பக்கத்தில் பச்சைப் பேனையால் குறித்தேன். அப்பாவின் சிவப்பு, என் பச்சை. இப்போது கொப்பியைத் திறந்தால் எந்தக் கட்டுரைக்கும் இரண்டு நிமிடத்தில் போய்விடலாம்.

அச்செடுக்கச் சந்தியில் உள்ள கொமினிகேசனுக்குப் போனேன். 2022 இல் கடுதாசி விலை ஏறி, கரண்டும் மணித்தியாலக் கணக்கில் போய்வந்த மாதங்களில் கடைக்காரத் தம்பி, "அக்கா, தேவையானதை மட்டும் அடிப்பம், மிச்சத்தை ஸ்கிறீனில வாசியுங்கோ" என்றான். அவன் சொன்னபடியே சிவப்புக் குறி உள்ள கட்டுரைகளை மட்டும் இரண்டு பக்கமும் அடித்துச் சுருள் கம்பி போட்டுக் கட்டினோம். முழுத் தொகுதியாக அச்சடித்தது நாற்பதை மட்டும்.

ஆங்கிலம் எனக்குச் சரளம் இல்லை. மகள் வாசித்துச் சொல்வாள், நான் தமிழில் எழுதுவேன். முப்பதுகளின் இராக இலட்சண விவாதங்களை இப்படித்தான் வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஒரு வித்துவான் ஒரு பிரயோகத்தை, அதாவது இராகத்தில் சுரங்கள் சேர்ந்து வரும் ஒரு விதத்தைச் சொல்வார், இன்னொருவர் எங்கள் பாடாந்தரத்தில், குருவழி வந்த பாட்டு முறையில், அப்படி இல்லை என்பார், பழைய கீதத்தையும் வர்ணத்தையும் எடுத்துச் சாட்சி வைப்பார்கள், பிறகு ஒரு முடிவு எழுதப்படும். வட இலங்கை சங்கீத சபையின் ஆறாந்தரப் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்ப பெரிய ஆக்களும் இப்படிக் கதைச்சுத்தான் முடிவெடுத்தவையா ரீச்சர்?" அதுவரை ஆரோகண அவரோகணத்தை மனப்பாடம் செய்து ஒப்புவித்துக்கொண்டிருந்த பிள்ளை அவள். அடுத்த கிழமை ஒன்றுக்கொன்று கிட்டின இராகங்களான ரீதிகௌளையையும் ஆனந்தபைரவியையும் மாறிமாறிப் பாடி, எந்த இடத்தில் ஒன்று மற்றதை விட்டுப் பிரிகிறது என்று தானே சொன்னாள்.

முப்பத்துநாலில் முப்பத்திரண்டு கைக்கு வந்துவிட்டன. மிச்சம் இரண்டில் ஒன்றின் ஸ்கானில், அப்பா குறித்த கட்டுரை இருக்கவேண்டிய இடத்தில் நாலு பக்கம் விடுபட்டிருக்கிறது. மற்றதற்கு அப்பா எழுதிய எண்ணே ஈரத்தில் ஊறி அழிந்துவிட்டது. கட்டுரைத் தலைப்பில் கடைசிச் சொல் மட்டும் "வீணை" என்று தெரிகிறது. அதற்காக ஒவ்வொரு தொகுதியின் பொருளடக்கத்தையும் வரிசையாகப் பார்த்து வருகிறேன், இப்போது நிற்பது 1950களில்.

சேர்த்ததெல்லாம் ஒரு பென்டிரைவில் எங்கள் பள்ளிக்கூடச் சங்கீத அறை அலுமாரியில் இருக்கிறது. இன்னொன்று வவுனியாவில் தங்கச்சி வீட்டில். மூன்றாவது, கனடாவில் அந்த அண்ணையிடம். கொப்பியையும் முதற்பக்கத்திலிருந்து பரீட்சைச் சுட்டிலக்கங்கள் வரை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அந்த மூன்று இடத்திலும் போட்டிருக்கிறேன். கொப்பி மட்டும் இன்னும் அம்மாவின் பைக்குள்தான், அடையாள அட்டைகளோடு.