வரவு செலவுப் புத்தகத்தில் யாக்கோபு 5:4

பெங்களூர்த் தமிழ்ச் சபைகளில் சமூக நீதி என்று பேச்செடுத்தால், "கோயிலுக்குள்ளே அரசியல் வேண்டாங்க ஐயா" என்று ஒரு குரல் உடனே வரும். அந்தக் குரலோடு மல்லுக்கட்டுபவர்களும், நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறு வந்தால் சூடான பிரசங்கம் ஒன்றை வைத்துவிட்டு அடுத்த வாரமே அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கில் மூழ்கிவிடுகிறார்கள். இரு தரப்பும் திறந்து பார்க்காதது கமிட்டி மேஜையில் கிடக்கும் வரவு செலவுப் புத்தகத்தை. கோயிலைக் கூட்டும் அம்மா, கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, சபைப் பள்ளிக்கூடத்து ஆயா, செப்டிக் டேங்க் நிரம்பினால் வந்து நிற்கும் ஆள் ஆகியோருக்கு என்ன கூலி, யார் கை வழியாகப் போகிறது என்பது அதில்தான் இருக்கிறது. ஒரு சபையின் அரசியல் அங்கேதான் தொடங்குகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

வேதம் இதில் பூசி மெழுகவில்லை. ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன்னே கொடுத்துவிடு என்கிறது உபாகமம் 24. அவன் உன் இனத்தானா அந்நியனா என்பது கணக்கில்லை என்றும் அதே இடத்தில் சொல்லிவிடுகிறது. சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்கி மேலறை கட்டிய ராஜாவைப் பார்த்து எரேமியா 22 'ஐயோ' போடுகிறது. யாக்கோபு 5:4இல் பிடித்துவைத்த கூலியே வாய் திறந்து கூக்குரலிடுகிறது. இத்தனைக்கும் எதிரே நின்று, "கிறிஸ்மஸுக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறோமே" என்று சொல்ல முடியாது. புடவை தர்மம், கூலி கடன். கடனைப் பாக்கி வைத்துவிட்டுக் கொடுக்கும் தர்மத்தைத் தீர்க்கதரிசிகள் எங்கேயும் பாராட்டவில்லை.

இந்தச் சிந்தனைக்குப் பெங்களூர் மண்ணிலேயே வேர் உண்டு. 1981இல் இங்குள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியில் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்துதான், தலித் மக்களின் அனுபவத்திலிருந்து வேதத்தை வாசிக்கும் தலித் இறையியலின் கதையைப் பலரும் சொல்லத் தொடங்குவார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பறட்டை' என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்து உண்பதையே இறையியலாக்கினார். திருநெல்வேலிச் சீமையில் சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உண்ணும் அசன விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு அது தனியாக விளக்க வேண்டிய விஷயம் இல்லை. பந்தியில் சமமாக உட்காருபவர் சம்பளப் பட்டியலில் மட்டும் எப்படிக் கீழே போகிறார் என்பதே என் கேள்வி.

இனி கணக்கு. ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலையைக் காண்டிராக்டில் விடும் சபை வழக்கமாக மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்ததை எடுக்கும். கோளாறு அங்கேதான் ஆரம்பம். பஞ்சப்படியோடு சேர்த்துக் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 15,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம் (உண்மைத் தொகையை கர்நாடகத் தொழிலாளர் துறையின் நடப்பு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்). நிர்வாகக் கட்டணம் சேர்த்து முதலாளி தரப்பு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 13 சதவீதம், அதாவது 1,950. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம், 487.50. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், 1,249.50. கூட்டினால் 18,687. விடுப்புச் சம்பளம், சீருடை, காண்டிராக்டரின் கமிஷன், 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் இதற்கு மேல். ஆளுக்கு 16,000 என்று கொட்டேஷன் வந்தால் மீதியைத் தொழிலாளியின் வயிற்றிலிருந்து எடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். தெரிந்தே கையெழுத்துப் போடும் பொருளாளருக்கும் அதில் பங்குண்டு.

தாளில் சரியாக இருந்தும் நடப்பில் கோணலாகும் வழிகள் நிறைய. முதலாளி தரப்புப் பங்கையும் தொழிலாளி சம்பளத்திலேயே பிடிப்பார்கள். பன்னிரண்டு பேருக்குப் பில் போட்டு ஒன்பது பேரை அனுப்புவார்கள். சில காண்டிராக்டர்கள் ஏ.டி.எம். கார்டையே வாங்கி வைத்துக்கொள்வார்கள், வங்கியில் முழுச் சம்பளம் ஏறும், கையில் பாதிதான் வரும். ஆகவே பில்லுக்குப் பணம் கொடுக்குமுன் முந்தின மாதத்து பி.எஃப். சலானையும் (பணம் கட்டிய ரசீது), ஆள்வாரியாக யு.ஏ.என். எண் (ஒவ்வொருவரின் பி.எஃப். கணக்கு அடையாள எண்) போட்ட பட்டியலையும், இ.எஸ்.ஐ. சலானையும் கேளுங்கள். மொத்தத் தொகைச் சலான் மட்டும் போதாது. அதில் வேறு கம்பெனி ஆட்களின் பணமும் கலந்திருக்கும். பட்டியலில் உள்ள பெயர்களை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். பிறகு தொழிலாளியிடமே பேச வேண்டும், சூப்பர்வைசர் இல்லாத நேரத்தில், அவருடைய மொழியில். தமிழோ தெலுங்கோ கன்னடமோ, இந்த ஊரில் மூன்றுக்கும் ஆள் கிடைப்பார். "சம்பளம் சரியா வருதா?" என்று கேட்டால் "வருது சார்" என்றுதான் சொல்வார். "போன மாசம் பேங்க்ல எவ்வளவு ஏறிச்சு, நீங்க எவ்வளவு எடுத்தீங்க?" என்று கேட்டால்தான் விஷயம் தெரியும்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் தவறினால் உயிரே போய்விடும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை டேங்க்கிலோ சாக்கடையிலோ இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். காண்டிராக்டரைக் கை காட்டித் தப்ப முடியாது. "அவரே இறங்குறேன்னு சொன்னார்" என்பதும் செல்லாது. 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் சாவுக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் பெங்களூர் உட்பட ஆறு பெருநகரங்களில் சாக்கடையைக் கையால் சுத்தம் செய்வதை நிறுத்தச் சொன்னது.

சாவு எப்படி நேர்கிறது என்பது கமிட்டியில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். டேங்க்கின் அடியில் படிந்த கசடைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளியே வரும். அது காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள்ளேயே தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாது, ஆபத்து போய்விட்டது என்று ஆள் நினைப்பார். முதல் ஆள் விழுந்ததும் காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் விழுவார். முகத்தில் துணி கட்டினால் இந்த வாயு நிற்காது. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது அதைவிட மோசம், உள்ளே மீத்தேனும் இருக்கிறது.

தடுப்பதோ எளிது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, டேங்க்கில் மூன்றில் ஒரு பங்கு கசடு சேருமுன், உறிஞ்சும் லாரியை வரவழைத்தால் போதும். பல வருடம் விட்டால் கசடு இறுகிக் குழாய் உறிஞ்சாது. அப்போதுதான் "ஒரு ஆள் இறங்கித் தள்ளிவிட்டால் ஆகிவிடும்" என்ற பேச்சு வரும். அந்த நிமிஷத்தில் கமிட்டி ஆள் அங்கே நின்று வேலையை நிறுத்த வேண்டும். தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு நடை லாரிக்குக் காசு கொடுங்கள்.

சொந்தக் காம்பவுண்டைச் சரிசெய்த சபைக்கு வெளியே பேசத் தானாகவே வாய் வரும். இந்த ஊர் பௌரகார்மிகர்கள் (மாநகரத் தூய்மைப் பணியாளர்கள்) காண்டிராக்ட் முறைக்கு எதிராகவும் பணி நிரந்தரத்துக்காகவும் பல வருடம் போராடினார்கள். 2022 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். குப்பை வண்டி ஓட்டுபவர்களும் ஏற்றுபவர்களும் அப்போதும் காண்டிராக்டிலேயே நின்றார்கள். அவர்கள் சங்கம் கூட்டம் போட இடம் கேட்டால், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் அதே பாரிஷ் ஹாலை வாடகை இல்லாமல் திறந்துவிடலாம். ஞாயிறு அறிவிப்புகளில் பி.எஃப். முகாம் தேதியையும் சேர்த்து வாசிக்கலாம்.

வருகிற பொதுக்கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுங்கள்: நடப்புக் குறைந்தபட்ச ஊதியத்தை வைத்து மேலே போட்டதுபோல் கணக்கிட்ட தொகைக்குக் கீழே வரும் எந்தக் கொட்டேஷனையும் கமிட்டி ஏற்காது, டேங்க் மூடியின் பூட்டுச் சாவி செயலாளரிடம் இருக்கும், லாரி இல்லாமல் அந்தப் பூட்டு திறக்கப்படாது. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், இரண்டு கை போதும்.