விழுப்புரத்தில் ஒரு குலுக்கல்

2024 பிப்ரவரி 4, ஞாயிறு

பரணை ஒதுக்கும்போது அப்பாவின் ஹோல்டால், அதாவது ரயிலில் விரித்துப் படுக்கும் சுருட்டுப் படுக்கை, அகப்பட்டது. காக்கி கேன்வாஸ் இன்னும் கெட்டியாக இருக்கிறது, தோல் வார்தான் இற்றுவிட்டது. அப்பாவுக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். மாதம் ஒரு தடவை மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் எழும்பூர் போவார். சேலைக் கட்டு தலைமாட்டில், ஹோல்டால் முதுகுக்கு. எனக்கு ஏழு வயதில், 1983இல், முதல் முறையாக அம்மாவையும் என்னையும் கூட்டிப்போனார்.

அப்போது மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரே ஒரு மீட்டர் இடைவெளி. இப்போதைய அகலப்பாதையில் அது 1,676 மில்லிமீட்டர். அந்தக் குறுகிய பாதையில் பெட்டி தூளி மாதிரி ஆடும். சோழவந்தான் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். அப்படி ஒரு தூக்கம் அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

வியாழன் இரவு அம்மாவோடு சென்னைப் பயணம். பகலில் தேஜஸ் ரயிலில் போனால் ஆறரை மணி நேரம்தான் என்று தங்கை சொல்லிப் பார்த்தாள். அம்மா கேட்கவில்லை. "உக்காந்துக்கிட்டே போறதுக்கு பஸ் பத்தாதா? ரயில்னா படுத்துக்கிட்டுப் போகணும்யா" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஊரை விட்டுப் போகும் மனசு அடங்க ஓர் இரவாவது வேண்டும்.

தெற்குமாசி வீதிப் பக்கம் ஒருவர் ஹோல்டாலுக்குப் புது வார் வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

பிப்ரவரி 8, வியாழன், இரவு

பெட்டியில் இருந்து எழுதுகிறேன். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் பழைய ஸ்லீப்பர் பெட்டியில் வரிசைக்கு எட்டாக ஒன்பது வரிசை, 72 படுக்கைகள். எல்.எச்.பி. என்கிற இந்தப் புது வகைப் பெட்டி நீளம் கூடியது, 80 பேர் படுக்கலாம். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை. நடுப்படுக்கையைப் பத்து மணிக்குத்தான் தூக்கி மாட்ட வேண்டும், ஆனால் ஒன்பதே முக்காலுக்கே எல்லோரும் மாட்டிவிட்டார்கள். அம்மா ஹோல்டாலை விரித்து, தலைமாட்டுப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 9, வெள்ளி, எழும்பூர்

நடுச்சாமம் தாண்டி வண்டி நின்றது. அம்மா சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"விழுப்புரமாய்யா?"

விழுப்புரமேதான். மீட்டர் கேஜ் காலத்தில் மதுரையிலிருந்து அதுவரை டீசல் என்ஜின், அங்கிருந்து எழும்பூர் வரை மின்சார என்ஜின். புது என்ஜின் வந்து கோக்கும்போது பெட்டி மொத்தமும் ஒரு குலுக்குக் குலுக்கும். அந்த நேரத்தில் அப்பா இறங்கி டீ வாங்கி வந்து ஜன்னல் கம்பி வழியாக அம்மாவிடம் நீட்டுவார். இப்போது நெடுகிலும் மின்சாரம், என்ஜின் மாற்றுவது கிடையாது, குலுக்கலும் இல்லை. ஆனாலும் விழித்துவிட்டார்.

நான் இறங்கினேன். கம்பிக்கு வெளியே நின்று கப்பை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "சீக்கிரம் ஏறுப்பா" என்றார். அப்பாவிடமும் இதையேதான் சொல்வார்.