ஏழாவது ஃபாரம்

அப்பா அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தார். வீட்டில் பெயருக்குக்கூட ஒரு புத்தகம் கிடையாது. ஃபாரம் மட்டும் ஏகத்துக்குக் கிடந்தது.

புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அச்சடிப்பதில்லை. பெரிய தாளின் ஒரு புறம் எட்டு, மறுபுறம் எட்டு என்று அடித்து மூன்று மடிப்பு மடித்தால் 16 பக்கம். அதுதான் ஒரு ஃபாரம். ஃபாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்து, ஓரம் வெட்டி, அட்டை போட்டால் புத்தகம். மை ஈஷியது, கோணலாக விழுந்தது எல்லாம் வேஸ்ட். அந்த வேஸ்ட் சாயங்காலம் அப்பாவின் கக்கத்தில் சுருண்டு வீட்டுக்கு வரும். நோட்டுக்கு அட்டை போட, அலமாரித் தட்டில் விரிக்க.

நான் கதை வாசிக்கத் தொடங்கியது பாத்திர அலமாரியில்தான். விரித்த ஃபாரத்தில் பக்கங்கள் வரிசையாக இருக்காது. 1-க்குப் பக்கத்தில் 16, 4-க்குப் பக்கத்தில் 13. ஜோடியைக் கூட்டினால் 17 வரும். (கணக்கில் எனக்குப் பிடிபட்ட ஒரே விஷயம் இது.) ஒரு வரிசை நேராக இருந்தால் அடுத்தது தலைகீழ். 2-ம் 3-ம் தாளுக்கு அடியில் இருப்பதால் 1 முடிந்ததும் நேரே 4-க்குத் தாவ வேண்டும். 5-ஆம் பக்கத்தில் சாகக் கிடந்த பெரியவர் 8-இல் படகு வலித்துக்கொண்டிருப்பார். நடுவில் என்ன நடந்தது என்று பார்க்கத் தாளைப் புரட்டினால், அம்மா கரண்டியோடு வருவார்.

மடித்த நிலையில் வேஸ்ட் ஆன ஃபாரம் கிடைத்தால் அன்று எனக்கு யோகம். 16 பக்கமும் முழுசாக இருக்கும். இதில் ஒரு சங்கடம். அப்பா கவனமாக வேலை பார்த்தால் எனக்குக் கதை கிடையாது. அவர் கை ஒருநாள் தவற வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பிள்ளை நான்.

அப்படி வந்ததுதான் ஒரு துப்பறியும் கதையின் ஆறாவது ஃபாரம், 81 முதல் 96 வரை. யார் கொலை செய்யப்பட்டார் என்பதே தெரியாது. இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். 96-இன் கடைசி வரி: “விளக்கைத் தூக்கிப் பிடித்தார். அங்கே நின்றது வேறு யாருமல்ல, அவ-”

அவனா, அவளா, அவரா?

“அப்பா, ஏழாவது ஃபாரம் வேஸ்ட் ஆகலையா?”

“அதெல்லாம் சுத்தமா வந்துச்சு. லோடு ஏறிப் போயாச்சு” என்றார் பெருமையாக. கதையின் பெயர் கேட்டேன். அவருக்குப் புத்தகங்களைப் பெயரால் தெரியாது. “14 ஃபாரம். சிவப்பு கேலிகோ துணி முதுகு. நூல் மட்டமா குடுத்தாங்க, தைக்கத் தைக்க அறுந்துச்சு.” அவர் சொல்லிக் கேட்ட ஒரே நூல் விமர்சனம்!

அதைத் தேடித்தான் முதன்முதலாக நூலகத்துக்குள் போனேன். “என்ன புத்தகம் வேணும் தம்பி?” என்றார் நூலகர்.

“14 ஃபாரம் சார். சிவப்பு முதுகு. எனக்கு ஏழாவது ஃபாரம் மட்டும் போதும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னை மறுபடி பார்த்தார். பிறகு கதை அலமாரிப் பக்கம் கையைக் காட்டிவிட்டார். சிவப்பு முதுகாகப் பார்த்து ஒவ்வொன்றாக உருவி, 96-ஐப் புரட்டிப் பார்த்து, திரும்பச் செருகினேன். வழியில் கண்ணில் பட்ட முதல் பக்கங்களையும் வாசித்தேன். கதைகளுக்கு ஆரம்பம் என்று ஒன்று உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. நூலகம் மூடும் நேரத்துக்குச் சற்று முன் அகப்பட்டது: “வேறு யாருமல்ல, அவ-”

எதிர்ப்பக்கத்துக்குப் பாய்ந்தேன். பக்க எண் 81. ஆறாவது ஃபாரத்தையே இரண்டு தடவை வைத்துத் தைத்திருந்தார்கள். ஏழு இல்லவே இல்லை, அடுத்து எட்டு. 113-ஆம் பக்கத்தில் எல்லோரும் சந்தோஷமாக ரயில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது. கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது நான் லீவு போட்ட அன்னைக்குத் தைச்சதா இருக்கும்” என்றார்.