படத்தின் முதுகைப் பார்த்த கதை

கொழும்பிலிருந்து வந்த இடைத்தரகர் ஒருவர் மட்டக்களப்புப் புளியந்தீவில் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் தொங்கிய ஓவியத்துக்கு விலை பேசிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் ஜோர்ஜ் கீட் என்பவர் யாரென்று தேட வேண்டிய தேவை எங்கள் குடும்பத்துக்கு வந்தது. அதுவரை அது "ரெண்டு பொம்புளைப் படம்" மட்டுமே. பெரிய கண்களோடு இரண்டு பெண்கள், ஒருத்தியின் இடுப்பில் குடம், தடித்த கறுப்புக் கோடுகள், வலது கீழ்மூலையில் கீட் என்ற ஆங்கிலக் கையெழுத்து, பக்கத்தில் 48 என்ற எண். கனடாவில் இருக்கும் மச்சான் இணையத்தில் ஏல விலைகளைத் தேடிப் பார்த்துவிட்டு நடுச்சாமத்தில் போன் எடுத்தார். விடிவதற்குள் கூரை மாற்றி, கடனும் அடைத்து முடித்துவிட்டோம், பேச்சில்.

அது உண்மைதானா என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் கட்டடப் படம் வரைகிறவன். "ஒனக்குப் படம் விளங்கும்தானே" என்று எல்லாரும் தீர்மானித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் சில வீடுகளில் இப்படிக் கையெழுத்துள்ள படங்கள் இருக்கின்றன. என்னிடம் கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

கீட் 1901 இல் கண்டியில் பிறந்து 1993 வரை வாழ்ந்தவர். 1943 இல் கொழும்பில் உருவான '43 குழு'வின் முக்கியமான ஓவியர். லயனல் வென்ட், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல எல்லாம் அந்தக் கூட்டம்தான். விலை போகிற பெயர், பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற பாணி, நிறைய வரைந்த கை. இந்த மூன்றும் ஒன்றாக இருக்கிற ஓவியரைத்தான் போலி செய்பவர்கள் தேடுவார்கள். ஆண்டுக்கு ஒரு படம் வரைந்தவரின் பெயரில் புதிதாக ஒன்று முளைத்தால் உடனே சந்தேகம் வரும். நிறைய வரைந்தவரிடம் அப்படி இல்லை.

முதலில் படத்தைத் தொடவில்லை, கதையைத்தான் கேட்டேன். "ஒங்கட பெரியப்பா கண்டியில வேலை செய்யக்குள்ள வாங்கின மனே. சூறாவளிக்கு முந்தியே வந்திட்டு" என்றார் பெரியம்மா. எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் காலக்கணக்கு. 1978 நவம்பர் 23 க்கு முந்தியது, பிந்தியது. சரி, அன்றைக்குக் கூரை போனபோது படம் எங்கே இருந்தது? "கட்டிலுக்குக் கீழ." பற்றுச்சீட்டு? சிரித்தார். பெரியப்பா இப்போது இல்லை. அல்பங்களைக் கிளறியதில், அக்காவின் சாமத்தியச் சடங்குப் படம் ஒன்றில் பின்சுவரில் இந்த ஓவியம் தெரிந்தது. சடங்கு நடந்தது 1986 இல். ஆக, 1986 இல் இது இந்தச் சுவரில் இருந்தது என்பதற்குச் சான்று உண்டு. அதற்கு முந்தியது எல்லாம் வாய்க்கதை.

பிறகு கழற்றினோம். படம் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முன்பக்கத்தையே பார்க்கிறார்கள். அது போலி செய்தவன் உங்களுக்காகவே தயாரித்த பக்கம். பின்பக்கத்தில் அவனுக்கு அவ்வளவு கவனம் இருக்காது. பிரேமை எடுத்து, சிலந்திக் கூடுகளைத் தட்டி, கன்வஸ் துணி உள்சட்டத்தில் எப்படி அடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன். ஆணியே இல்லை, ஸ்டேப்ளர் பின்கள். 1948 இல் வரைந்த படத்தில் சிறிய ஆணிகளைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பழைய படத்தைப் பின்னாளில் யாராவது புதிய சட்டத்தில் இழுத்து அடித்திருக்கலாம். அப்படி நடந்திருந்தால் துணியின் மடிப்பில் பழைய ஆணித் துளைகள் இருக்கும். நான்கு பக்கமும் தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

பின்கள் துருப்பிடித்திருந்தன. "பார், எவ்வளவு பழசு" என்றான் தம்பி. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊர் இது. இங்கே பின் துருப்பிடிக்க இரண்டு மாரி போதும். பூஞ்சணமும் அப்படித்தான், மரச்சட்டத்தில் பூச்சி துளைத்ததும் அப்படித்தான். ஐரோப்பாவில் முதுமைக்கு அடையாளமாகச் சொல்லப்படும் பலவற்றை மட்டக்களப்பின் காற்று இலவசமாகவே செய்து தரும். இணையத்தில் படித்ததை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது அல்ட்ரா வயலட் வெளிச்சம். போன் திருத்தும் கடை வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு டோர்ச் இருந்தது. வாங்குகிறவர்கள் 365 நனோமீற்றர் என்று கேட்டு வாங்குங்கள். மலிவான 395 இல் ஊதா வெளிச்சமே அதிகமாக விழுந்து, பார்க்க வேண்டியதை மறைத்துவிடும். இரவில் எல்லா லைட்டையும் அணைத்துவிட்டுப் பின்பக்கத்தில் அடித்தபோது, துணியின் மடிப்பு ஓரங்கள் நீலவெள்ளையாக மின்னின. வெள்ளைச் சட்டை கலியாண மண்டப லைட்டில் மின்னுமே, அதே மின்னல். துணியை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்வூட்டி இரசாயனம்தான் காரணம். அது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது ஏறத்தாழ 1950 க்குப் பிறகு. சலவைத் தூளிலும் அதே இரசாயனம் உண்டு என்பதால் பெரியம்மாவிடம் கேட்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஈரத்துணியால் முன்பக்கத்தைத் துடைப்பாராம் (ஓவியப் பாதுகாப்பாளர் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும்). பின்பக்கத்தை யாரும் தொட்டதில்லை.

முன்பக்கத்தில் அடித்தபோது இன்னொன்று தெரிந்தது. படம் முழுக்க வார்னிஷ் மங்கலான பச்சையாக ஒளிர்ந்தது. அதன் மேலே கையெழுத்தும் 48 உம் மட்டும் கறுப்பாக நின்றன. ஓவியர் வரைந்து முடித்ததும் கையெழுத்திட்டால் அது வார்னிஷுக்கு அடியில்தான் இருக்கும். மேலே இருக்கிறதென்றால் பிறகு எழுதியது என்று பொருள். ஓவியரே பின்னாளில் எழுதுவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் என் மனம் அன்றைக்கே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

வெளிநாட்டுக் கதைகளில் வரும் பிரபலமான பொறிகள் எங்களுக்கு உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் போலி ஓவியர் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி பிடிபட்டது டைட்டேனியம் வெள்ளை என்ற வண்ணத்தால். 1914 என்று தேதியிட்ட படத்தில் அந்தக் காலத்தில் ஓவியர்களிடம் இல்லாத வெள்ளை இருந்தது. 1948 இல் அந்த வெள்ளை தாராளமாகக் கிடைத்தது, ஆகவே எங்கள் படத்தில் அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. எங்களுக்குப் பயன்படக்கூடியது கதிரியக்கக் கார்பன். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன் 14 இன் அளவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. அதன் பிறகு விளைந்த பருத்தியிலும் ஆளிவிதை எண்ணெயிலும் அந்த அடையாளம் இருக்கும். 2019 இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1866 என்று தேதியிட்ட ஒரு போலி ஓவியத்தை, ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த வண்ணத் துகளைக் கொண்டு 20 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது என்று காட்டினார்கள். அதற்கு ஆகும் செலவைக் கேட்டதும் மச்சான் வேறு பேச்சு எடுத்தார்.

கரையாவிட்டால் பழசு என்று, வண்ணத்தில் ஸ்பிரிட்டைத் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உண்மையான படமாக இருந்தால் நீங்களே அதைக் கெடுத்துவிடுவீர்கள். நெதர்லாந்தின் போலி ஓவியர் ஹான் வான் மீகரன் 1937 இலேயே அந்தச் சோதனையைத் தாண்டிவிட்டார். 17 ஆம் நூற்றாண்டுத் துணியில், பேக்லைட் என்ற பிளாஸ்டிக் வகைப் பிசின் கலந்து வரைந்து, அடுப்பில் சுட்டு, அந்தக் கால ஓவியர் வெர்மீர் வரைந்தது என்று ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்கே விற்றார். ஸ்பிரிட்டுக்கு அசையாதது எல்லாம் பழையதல்ல.

கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தோடு தொடர்புள்ள ஓவியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் டோர்ச்சையும் வாங்கவில்லை, பின்பக்கத்தையும் கேட்கவில்லை. சாய்வு வெளிச்சத்தில் வைத்துக் கோடுகளையே நீண்ட நேரம் பார்த்தார். கீட்டின் கோடு ஒரே மூச்சில் போகும், தோளில் தொடங்கினால் விரலில்தான் நிற்கும் என்றார். இந்தப் படத்தில் கை முழங்கைக்குப் பக்கத்தில் கோடு நின்று, வழி கேட்டு, மறுபடி போகிறது. அவர் விரலை வைத்துக் காட்டிய பிறகு எனக்கும் அது தெரிந்தது, இப்போது அது மட்டும்தான் தெரிகிறது. "கட்டம் போட்டிருப்பான், தேடிப் பாருங்க" என்றார்.

கட்டத்தைத் தேட ஒரு சிசிடிவி கடை உதவியது. இரவில் படம் பிடிக்கும் கமராக்கள் அகச்சிவப்பு ஒளியில் இயங்குகின்றன. சில வண்ணங்கள் அந்த ஒளிக்குக் கண்ணாடி மாதிரி, அடியிலிருக்கும் பென்சில் கோடு மட்டும் கறுப்பாக நிற்கும். அருங்காட்சியகங்களில் இதற்கென்றே விலையுயர்ந்த கருவிகள் உண்டு. எங்களுடையது வாசலில் கள்ளனைப் பார்க்கிற கமரா. கடைக்காரத் தம்பி ஷட்டரை இறக்கி, படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்தார். குடம் இருந்த பக்கம் திரையில் ஒன்றும் தெளிவில்லை. வலது பக்கப் பெண்ணின் வெளிர்சிவப்புச் சேலையில், அளவுகோல் வைத்து இழுத்த சதுரங்கள் வரிசையாக வந்தன. சின்ன அச்சுப் படத்தைப் பெரிதாக்க போர்ட் எழுதுகிறவர்கள் போடுகிற அதே கட்டம். தன் சொந்தப் படத்தை ஒரே மூச்சில் வரைகிறவருக்குக் கட்டம் எதற்கு?

ஆனாலும் மச்சானின் மனத்திருப்திக்காகக் கொழும்புக்குப் போனேன். இரவு ரயிலில், பருத்தித் துணியில் சுற்றி இரண்டு அட்டைகளுக்கு இடையில் வைத்துக் கட்டி. பொலித்தீனை நேரடியாகச் சுற்ற வேண்டாம், வியர்வை உள்ளே தங்கிவிடும். பார்ன்ஸ் பிளேஸில் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இப்போது சபுமல் நிலையம், 43 குழுவின் படங்கள் நிறைய அங்கே இருக்கின்றன. பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் கீட் 1939–40 இல் வரைந்த புத்த சரிதம் இருக்கிறது. படத்தை யாரிடமும் காட்டுவதற்கு முன் அந்தச் சுவர்களின் முன்னால் நின்றதுதான் நான் செய்த மிக நல்ல வேலை. அந்தக் கோடுகளைப் பார்த்த கண்ணுக்கு எங்கள் படத்தின் முழங்கை தாங்காது.

நான் போன படக்கூடங்களில் ஒருவரும் "போலி" என்று சொல்லவில்லை. "இதை நாங்கள் எடுக்க மாட்டோம்" என்றார்கள், தேநீர் தந்தார்கள். எழுத்தில் கேட்டால் புன்னகை மட்டும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் அண்டி வோர்ஹோலின் படங்களைச் சான்றளித்துவந்த சபையே வழக்குச் செலவு தாங்காமல் 2012 இல் மூடப்பட்டது. ஆகவே எடுக்க மாட்டோம் என்பதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு இடைத்தரகர் மறுபடி போன் எடுத்தார். ஸ்டேப்ளர் பின், கட்டம், கையெழுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் அசரவே இல்லை. "அதெல்லாம் பரவாயில்ல தம்பி. சாமத்தியப் படம் இருக்குதானே, அதோட பெரியம்மாக்கிட்ட ஒரு கடிதம் வாங்கித் தாங்க. பெரியப்பாட அப்பா 1949 இல் வாங்கினது என்டு" என்றார். விலையைக் கூட்டவும் தயாராக இருந்தார்.

அப்போதுதான் வியாபாரம் எனக்கு விளங்கியது. பெல்ட்ராக்கியின் மனைவி தன் பாட்டி போல உடுத்துக்கொண்டு, போலிப் படங்களைப் பின்சுவரில் மாட்டி, பழைய தாளில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து, இது எங்கள் குடும்பச் சொத்து என்று காட்டினார். இங்கிலாந்தில் ஜோன் மயட் சாதாரணச் சுவர்ப்பூச்சு வண்ணத்தில் வரைந்த படங்களை விற்பதற்கு, ஜோன் டிரூ பெரிய அருங்காட்சியகங்களின் ஆவணக் காப்பகங்களுக்குள்ளேயே பொய்த் தாள்களை நுழைத்தார். 1999 இல் இருவரும் தண்டிக்கப்பட்டார்கள். அவர்கள் பாடுபட்டு உருவாக்கிய பழைய குடும்பப் படம் எங்களிடம் உண்மையாகவே இருக்கிறது. கூட ஒரு பொய்க் கடிதம் போட்டால் போதும். படத்தைப் பிரதி எடுத்தவன் யாரோ, கையெழுத்தை எழுதியவன் யாரோ. கடிதத்தில் இருக்கப் போவது பெரியம்மாவின் பெயர்.

பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஒங்கட பெரியப்பாட அப்பா 1949 இல படம் வாங்கினாரா? அந்த மனிசன் செருப்பே வாங்கல்லயே" என்றார். கடிதப் பேச்சு அத்தோடு முடிந்தது. மச்சான் கொஞ்ச நாள் கோபமாக இருந்தார்.

படத்தை மறுபடி மாட்டும் முன் உள்சட்டத்தின் மரத்தில் அழியாத மையால் "பிரதி, கீட் வரைந்ததல்ல" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தேதி போட்டேன். துணியில் எழுதினால் மை முன்பக்கத்துக்கு ஊறும் என்பதால் மரம். கையெழுத்தை அழிக்கவில்லை. சோதித்தவற்றின் படங்களையும் சடங்குப் படத்தின் நகலையும் ஓர் உறையில் போட்டுப் பெரியம்மாவின் அலுமாரியில் வைத்திருக்கிறேன், நாளைக்கு வேறொருவர் விலை பேச வந்தால் எடுத்துக் காட்டுவதற்கு. பின்பக்கத்தின் படத்தை இடைத்தரகருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலச் சரி விழுந்தது, பதில் வரவில்லை.