எம்.ஜி.பி. டைமிங்: புல்லி சொன்ன பொய்

என் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்.ஜி.பி.யில், பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் தீப்பொறி விழுகிறது என்று காட்டும் டைமிங் லைட் 14 டிகிரி என்று அடித்துச் சொல்கிறது. வண்டியோ மேட்டைக் கண்டாலே மூச்சு வாங்குகிறது. வெப்பமானி முள் வழக்கத்தைவிட ஏறி நிற்கிறது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கம் கையை நீட்ட முடியவில்லை. தீப்பொறி தாமதமாக விழுவதற்கான லட்சணங்கள் அத்தனையும் பொருந்தின. இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் முதலில் பாய்வது கார்புரேட்டர் மீதுதான். எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டும் நிரபராதிகள். குற்றவாளி, எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் சுற்றும் கிராங்க் புல்லி.

எம்.ஜி.பி.யின் பி சீரிஸ் 1798 சி.சி. எஞ்சினில் அதிர்வைத் தணிக்கும் இந்த டாம்பர் புல்லி ஒரே வார்ப்பு அல்ல. உள்ளே ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இரண்டையும் பிடித்து வைத்திருப்பது நடுவிலிருக்கும் ரப்பர். எம்.ஜி.பி. தயாரிப்பு 1980இல் நின்றுவிட்டது. எனவே எந்த அசல் ரப்பரும் நாற்பது வயதைத் தாண்டியதுதான். அது பிடியை விட்டால் வெளி வளையம் நழுவும், டைமிங் குறி வெட்டப்பட்டிருப்பதோ அந்த வளையத்தில். லைட் என்ன செய்யும்? குறி நிற்கும் இடத்தைத்தான் காட்டும், பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அதனால் பிஸ்டனையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, உள்ளே மரை வெட்டி, ஒரு நீள போல்ட்டை முடுக்கினேன். போல்ட் முனையை அரத்தால் உருட்டியாக வேண்டும். கூர் விளிம்போடு விட்டால் பிஸ்டன் தலையில் வடு விழும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மற்ற மூன்று பிளக்குகளையும் எடுத்துவிட்டு, இதை முதல் சிலிண்டரில் பொருத்தினேன். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. நான்காவது கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் எஞ்சின் எவ்வளவு நிதானமாக வேண்டுமானாலும் சுற்றும். பிஸ்டன் போல்ட்டில் 'டொக்' என்று முட்டும் இடத்தில், எஞ்சின் மீதுள்ள பூஜ்யக் கூர்முனைக்கு நேராகப் புல்லியில் ஒரு கோடு. பிறகு எதிர்த் திசையில் தள்ளி, மறுபடி முட்டுமிடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதியில் இருப்பதுதான் பிஸ்டனின் உண்மையான உச்சநிலை.

கேட்க எளிது. சள்ளையெல்லாம் அந்தச் சரிபாதியில்தான் இருக்கிறது. வளைந்த விளிம்பில் அளவுகோலை வைத்துப் பார்ப்பது கண்துடைப்பு. மறைப்பு நாடாவைப் புல்லியைச் சுற்றி ஒட்டி, கோடுகளை நாடாவிலேயே போட்டு, உரித்து மேசையில் நீட்டி வைத்து அளந்தேன். முழுச் சுற்றின் நீளத்தை 360ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது கிடைத்துவிடும், 115 மி.மீ. விட்டமுள்ள புல்லியில் அது ஏறத்தாழ 1 மி.மீ. பென்சில் கோட்டின் தடிமனே அரை டிகிரியைத் தின்றுவிடும் என்பதால் கத்தி முனையால் கீறினேன். இழுத்து நீட்டினால் நாடா நீளும், அதையும் கவனிக்க வேண்டும்.

விடை: பழைய குறி 9 டிகிரி பின்தங்கியிருந்தது. லைட்டில் 14 என்று பார்த்துப் பூரித்ததெல்லாம் நிஜத்தில் வெறும் 5.

புதுக் கோட்டுக்கு வெள்ளைப் பெயிண்ட் தடவி, குடம், ரப்பர், வளையம் மூன்றின் மீதும் குறுக்காக இன்னொரு கோடும் இழுத்தேன். வளையம் இன்னும் நகர்ந்தால் இந்தக் கோடு உடைந்து காட்டிக் கொடுக்கும்.

டைமிங் வைப்பது அதன் பிறகு சாதாரண வேலை. தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்டின் இடைவெளி 0.015 அங்குலம், அது மூடியிருக்கும் கோணம் 60 டிகிரி. இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இது எப்போதும் முதலில். டைமிங்கைத் தானாக முன்னேற்றும் வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்து, 600 ஆர்.பி.எம்.மில் 14 டிகிரி. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் டிஸ்ட்ரிபியூட்டர் உடலை வலஞ்சுழியாகத் திருப்பினால் டைமிங் முன்னேறும். கடைசி ஒன்றிரண்டு டிகிரியை லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரின் திருகில் 'கிட், கிட்' என்று சரிசெய்யும் சுகம் எந்த எலக்ட்ரானிக் பெட்டியிலும் கிடையாது. பிற்பாடு வந்த 45டி4இல் அந்தத் திருகை எடுத்துவிட்டார்கள்; எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

மேட்டில் மூன்றாவது கியரிலேயே இழுக்கிறது, முள்ளும் இறங்கிவிட்டது.

ரோட்டர் பற்றி ஒரு வார்த்தை: பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்திருக்கும் மலிவு ரோட்டரை வாங்காதீர்கள். மின்சாரம் அந்த ரிவெட் வழியே தண்டுக்குள் பாய்ந்து வண்டி நடுவழியில் நின்றுவிடும். ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டர்தான் என் தேர்வு. பொருள் விற்ற ஒருவர் "எல்லாம் ஒன்றுதான்" என்றார். அவர் சாலையோரம் நின்றிருக்க மாட்டார்.

3000 ஆர்.பி.எம்.முக்கு மேல் மொத்த அட்வான்ஸ் (டைமிங் முன்னேற்றம்) 32 டிகிரி அளவில் நிற்கிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். நழுவும் வளையத்தை வைத்துக்கொண்டு அந்த வேகத்தில் முறுக்க எனக்குத் துணிவில்லை. ரப்பர் புதிதாக வார்த்த டாம்பருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வருவதற்குள் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் ஆட்டத்துக்குப் புது புஷ் (தாங்கு வளையம்) போட்டுவிடலாமா என்று யோசனை. கழற்றினால் டைமிங்கை மறுபடி முதலிலிருந்து வைக்க வேண்டும். பரவாயில்லை, நாடா மிச்சம் இருக்கிறது.