எண்பது ஆண்டுக் கோட்டுக்கு ஆறு வாரம் முன்பு

2024 ஆகஸ்டில் இலண்டனின் வடமேற்கே ஹாரோவில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு ஃபிளாட்டை 3 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டுக்கு வாங்கினோம். செய்தி சொன்னதும் சென்னையிலிருந்த அப்பா கேட்ட முதல் கேள்வி, "மண்ணில் நம் பங்கு எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்?" என்பதுதான். பத்திரத்தில் பிரிக்கப்படாத பங்கு இத்தனை சதுர அடி என்று பார்த்துப் பழகியவருக்கு, இங்கே மண்ணில் பங்கே கிடையாது என்பதைப் புரியவைக்க அரைமணி நேரம் பிடித்தது. இங்கிலாந்தில் பெரும்பாலான ஃபிளாட்டுகள் குத்தகைச் சொத்துகள். நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டருக்குச் சொந்தம். நாம் விலை கொடுத்து வாங்குவது குறிப்பிட்ட ஆண்டுகள் வரையிலான உரிமை மட்டுமே. எங்களுடையது போன்ற பழைய குத்தகைகளில் அதற்கும் ஆண்டுதோறும் நிலவாடகை உண்டு. ஆண்டுகள் தீர்ந்தால் வீடு அவரிடமே திரும்பிவிடும். "அப்படியானால் போக்கியம் மாதிரியா?" என்றார் அப்பா. இல்லைதான், ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதை நானே தவறாகக் கணக்கிட்டிருந்தேன். பத்திரத்தின் முதல் பக்கத்தில் 2008 மார்ச் என்ற தேதி இருந்தது, காலம் 99 ஆண்டு. ஆகவே 82 ஆண்டுக்கு மேல் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். உண்மையில் அது முதல் உரிமையாளர் கையெழுத்திட்ட தேதி. எந்த நாளிலிருந்து காலம் ஓடுகிறது என்பது எல்.ஆர்.6 என்ற பத்தியில் தனியாக எழுதப்பட்டிருந்தது: "2006 ஜூன் 24 முதல் 99 ஆண்டுகள்." எங்கள் சொலிசிட்டர், அதாவது வழக்கறிஞர், வாங்கும்போதே அனுப்பிய நாற்பது பக்க அறிக்கையில் இது ஒரே வரியாக இருந்திருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் கோப்புகளை அடுக்கும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. 2025 ஜூன் 24 அன்று மிச்சம் சரியாக 80 ஆண்டு ஆகிவிடும்.

அந்த 80 என்ற எண் ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். குத்தகையை நீட்டித்தால் ஃபிளாட்டின் மதிப்பு உயரும். மிச்சக் காலம் 80 ஆண்டுக்கு மேல் இருக்கும்வரை அந்த உயர்வு முழுவதும் குத்தகைதாரருக்கே. 80 ஆண்டோ அதற்குக் குறைவோ ஆகிவிட்டால், உயர்வில் பாதியை ஃப்ரீஹோல்டருக்குத் தர வேண்டும். இதற்கு மேரேஜ் வேல்யூ என்று பெயர். இரண்டு உரிமைகள் ஒன்றுசேர்வதால் பிறக்கும் மதிப்பாம். இந்தத் திருமணத்தில் சீர்வரிசை முழுவதும் ஒரு பக்கத்திலிருந்தே போகிறது என்பது என் கருத்து. 2024ஆம் ஆண்டின் குத்தகைச் சீர்திருத்தச் சட்டம் இதை ஒழிப்பதாகச் சொன்னாலும், அந்தப் பிரிவுகள் அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. காத்திருக்கச் சொன்ன நண்பர்கள் உண்டு. ஆண்டுகள் காத்திருக்கவில்லையே!

எனக்கு இன்னொரு தடையும் இருந்தது. ஃபிளாட்டை வாங்கி இரண்டு ஆண்டு ஆன பிறகே நீட்டிப்பைச் சட்டப்படி கோர முடியும் என்ற விதிப்படி நான் 2026 ஆகஸ்ட் வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் கோடு தாண்டிப் போயிருக்கும். நல்லவேளையாக அந்தப் புதிய சட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தவற்றுள் இந்த விதியின் நீக்கமும் ஒன்று; 2025 ஜனவரி 31 முதல் இரண்டு ஆண்டு நிபந்தனை இல்லை. ஆக எனக்குக் கிடைத்த இடைவெளி ஐந்து மாதத்துக்கும் குறைவு.

முதலில் ஃப்ரீஹோல்டரின் முகவர் நிறுவனத்திடமே கேட்டேன். பத்து நாளில் கடிதம் வந்தது: 8,000 பவுண்டு கொடுத்தால் குத்தகையை 125 ஆண்டாக்கித் தருவார்கள், மிச்சமுள்ள 80 ஆண்டுக்கும் நிலவாடகை பழையபடியே தொடரும். எங்கள் நிலவாடகை ஆண்டுக்கு 150 பவுண்டு, 33 ஆண்டுக்கு ஒருமுறை 300, 450 என்று ஏறும். மேலோட்டமாகப் பார்த்தால் மலிவாகத் தெரியும் இந்தச் சலுகையில், கூடுவது 45 ஆண்டு மட்டுமே. 1993ஆம் ஆண்டின் குத்தகைச் சட்டப்படி முறையாகக் கோரினால் மிச்சக் காலத்தோடு 90 ஆண்டு கூடும், நிலவாடகையும் அன்றோடு ஒழியும். அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை.

சொத்து மதிப்பீட்டாளர்களின் தொழில்முறை அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ்.ஸின் தகுதி பெற்ற ஒரு சர்வேயர் வந்து வீட்டை அளந்து மதிப்பிட்டார். சமையலறை மேசையில் அமர்ந்து அவர் போட்ட கணக்கு எளிமையானதுதான். 80 ஆண்டு கழித்து ஃப்ரீஹோல்டர் கைக்கு வரவேண்டிய வீட்டின் இன்றைய மதிப்பு, ஆண்டுக்கு 5 சதவீதம் கழித்தால், ஏறக்குறைய 6,450 பவுண்டு. அவர் இழக்கும் நிலவாடகைக்கு ஈடு ஏறக்குறைய 3,000. ஆக 9,400 பவுண்டு அளவில் முடியும் என்றார். கோட்டைத் தாண்டினால் எவ்வளவு என்று கேட்டேன். தாளைத் திருப்பி, 20 ஆயிரத்துக்கு மேல் என்று எழுதிக் காட்டினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

நீட்டிப்பைக் கோரும் நோட்டீஸை ஃப்ரீஹோல்டருக்கு அனுப்புவதில்தான் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டியிருந்தது. நிலவாடகைக் கேட்புச் சீட்டில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசு நிலப் பதிவகத்தில் 7 பவுண்டு கட்டி எடுத்த ஃப்ரீஹோல்டு பதிவேட்டில் வேறொரு நிறுவனம் இருந்தது. கட்டடம் இடையில் கைமாறியிருக்கிறது, எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. தவறான பெயருக்கு அனுப்பியிருந்தால் நோட்டீஸ் செல்லாமல் போய், ஜூனும் கடந்திருக்கும். சொலிசிட்டர் பதிவேட்டில் உள்ள நிறுவனத்துக்கு அனுப்பி, நகலை மற்றதற்கும் அனுப்பினார். மே 12 அன்று, 1993 சட்டத்தின் 42ஆம் பிரிவின் கீழான அந்த நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது. அதில் நாங்கள் தர முன்வந்த தொகை 7,600 பவுண்டு. நோட்டீஸ் கொடுத்த நாளே மதிப்பீட்டு நாள் என்பதால், பிறகு பேச்சு எத்தனை மாதம் இழுத்தாலும் கணக்கு அந்த நாளோடு நின்றுவிடுகிறது. இதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

முன்பணமாக 10 சதவீதம், 760 பவுண்டு, கேட்டார்கள், கட்டினோம். பதில் சொல்ல அவர்களுக்குச் சட்டம் குறைந்தது இரண்டு மாதம் தருகிறது. கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது எதிர் நோட்டீஸ் வந்தது: எங்கள் உரிமையை ஒப்புக்கொள்கிறார்கள், விலை மட்டும் 12,300. அதைக் கண்டு நான் பதற, சர்வேயர் சிரித்தார். வீட்டின் மதிப்பைக் கூட்டியும், நிலவாடகை இழப்பின் இன்றைய மதிப்பைக் கணக்கிடும் வட்டி விகிதத்தைக் குறைத்தும் போட்ட எண் அது, பேரத்துக்கான தொடக்கம் என்றார். இரு தரப்பு சர்வேயர்களும் அக்கம்பக்கத்து விற்பனை விலைகளை வைத்து மாதக்கணக்கில் வாதாடினார்கள். எதிர் நோட்டீஸ் வந்து ஆறு மாதத்துக்குள் உடன்பாடு வராவிட்டால் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்தாக வேண்டும், தவறினால் நோட்டீஸே கைவிடப்பட்டதாகிவிடும் என்பதால் அந்தக் கெடுத் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தேன். அவ்வளவு தூரம் போகவில்லை. அக்டோபர் இறுதியில் 9,900 பவுண்டுக்கு முடிந்தது.

இதற்கு மேல் செலவு உண்டு. எங்கள் சொலிசிட்டருக்கு 1,300, சர்வேயருக்கு 780. ஃப்ரீஹோல்டரின் சொலிசிட்டர், சர்வேயர் செலவையும் நியாயமான அளவில் நாமே ஏற்க வேண்டும். அது 1,950 ஆயிற்று. முதலில் அனுப்பிய பட்டியலில் விலை பேசிய நேரத்துக்கும் கட்டணம் சேர்த்திருந்தார்கள். சட்டப்படி அது நம் தலையில் விழாது என்று சொலிசிட்டர் ஒரு வரி எழுதியதும் நீக்கிவிட்டார்கள். எல்லாம் சேர்த்து 14 ஆயிரத்துக்குச் சற்றே குறைவு.

டிசம்பர் 5 அன்று புதிய குத்தகைப் பத்திரம் முடிந்தது. 2195 ஜூன் 23 வரை செல்லும். வாடகை என்ற இடத்தில் எழுதியிருந்தது: கேட்டால் ஆண்டுக்கு ஒரு மிளகு. பெயருக்கு ஒரு வாடகை இருக்க வேண்டும் என்பதற்காக ஆங்கிலேயர் வைத்த பழைய வழக்கம் இது. தொலைபேசியில் படித்துக் காட்டியபோது அப்பா இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து, கிறிஸ்துமஸ் தவணை நிலவாடகை 75 பவுண்டு என்று பழைய முகவரிடமிருந்து வழக்கம்போல் கேட்புச் சீட்டு வந்தது. புதிய பத்திரத்தின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து அனுப்பினேன். ஒரு வாரத்தில் சீட்டை ரத்து செய்து கடிதம் வந்தது. லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவு மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.