வருமானம் எவ்வளவு எழுதணும்?

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டரில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு வருகிறவர்களின் விவரங்களை ஏற்றி, சிகிச்சைக்கு அப்ரூவல் வாங்கித் தருவது என் வேலை.

2017-ல் ஒரு ராத்திரி, மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை நெஞ்சுவலி என்று கொண்டுவந்தார்கள். ஆஞ்சியோவில் இரண்டு அடைப்பு. ஸ்டென்ட் வைத்தாக வேண்டும், நாள் கடத்தக் கூடாது என்றார் டாக்டர். அட்டை இல்லை. மகன் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி வந்தால் அட்டை போட்டுவிடலாம் என்று அவரை அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் வந்தார். சான்றில் 1,08,000 என்று இருந்தது. அப்போது அட்டைக்கு ஆண்டு வருமான வரம்பு 72,000.

"என்ன தம்பி இது?"

"மாசம் ஒம்பதாயிரம் வாங்குறேண்ணே. கேட்டாங்க, சொன்னேன்."

எழுபத்திரண்டுக்குள் எழுதி வாங்கிட்டு வாங்க என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான்.

"அப்ப பொய் சொல்லணுமாண்ணே?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

மறுபடி ஊருக்குப் போய்வர நேரமில்லை. சாயங்காலம் பணத்தைக் கட்ட மருமகள் வந்தார். மஞ்சப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணிக் கொடுத்தார். காதில் கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி. அதன் பச்சைகூட இன்னும் மாறவில்லை.

72,000 என்றால் மாதம் 6,000, நாளைக்கு 200 ரூபாய். அந்தக் கூலிக்கு அன்றைக்கே மதுரையில் சித்தாள் வேலைக்குக்கூட யாரும் வரமாட்டார்கள். அதனால் என் கைக்கு வந்த சான்றுகளில் பெரும்பாலும் ஒரே எண்தான் இருந்தது. எழுதிக் கொடுத்தவரையோ வாங்கி வந்தவரையோ நான் குற்றம் சொல்ல மாட்டேன். உயிர் போகிற நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். உள்ளதைச் சொன்ன ஒருவர் வீட்டில் நகை அடகுக்குப் போனதுதான் எனக்கு ஆறவில்லை. பிறகு வரம்பை 1,20,000 ஆக உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் அது மாதம் 10,000. மாதம் முழுக்க வேலை கிடைக்கிற கொத்தனார் உண்மையைச் சொன்னால் இன்றைக்கும் வெளியேதான் நிற்பார்.

எண்ணைக் கூட்டினால் போதாது, அந்தக் கேள்வியையே எடுத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். இது நமக்குத் தெரியாத வழியும் இல்லை. 1997-ல் வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று மத்திய அரசு ரேஷனைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனை விடவில்லை. 2021-ல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவரிடம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு யாரும் வருமானம் கேட்பதில்லை. இதே ஊரில் 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், பணம் கட்டிப் பார்ப்பதா, இலவசமாகப் பார்ப்பதா என்று நோயாளியே முடிவு செய்துகொள்கிறார். வறுமைக்குச் சான்று கேட்பதில்லை. தலையில் அடிபட்டவருக்கு இல்லாத கேள்வி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு மட்டும் எதற்கு?

வசதியானவர்களும் வந்து குவிந்துவிடுவார்களே என்பார்கள். சிலர் வரத்தான் செய்வார்கள், செலவும் கூடும். ஆனால் தனி அறை கேட்கிறவர் பொது வார்டுக்கு எத்தனை நாள் வருவார்? ரேஷன் அரிசி வேண்டாதவர்கள் தாங்களாகவே வாங்காமல் விடுகிறார்களே.

போன வாரம் உசிலம்பட்டியிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவருக்கு டயாலிசிஸ். "சார், வருமானம் எவ்வளவு எழுதணும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். நானும் குரலைத் தாழ்த்தித்தான் எண்ணைச் சொன்னேன்.